நிருவாகி உரிமையின்றித் தரவுத்தள மென்பொருளை இயக்குதல்

நிருவாகி உரிமையின்றித் தரவுத்தள மென்பொருளை இயக்குதல் என்பது, கணினியின் முழு அதிகாரத்தையும் பயனர்களுக்குக் கொடுக்காமல், அவர்கள் தரவுத்தளத்தில் பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் தேடவும் வழிசெய்வதாகும். ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தத்தம் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையுடனேயே இயங்க வேண்டும் என்ற கொள்கையை ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் 1975 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர்.

சிக்கலின் வேர்

மென்பொருள் ஒன்று திறக்க மறுத்தால், அந்தப் பயனரையே நிருவாகியாக்கிவிடுவது பல அலுவலகங்களில் காணப்படும் குறுக்குவழி. அதன்பின் வேலை நடக்கும். ஆனால் அவர் தவறுதலாகத் திறக்கும் தீநிரலுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும். உண்மையில் பெரும்பாலும் குறை, கோப்பு இருக்கும் இடத்தில்தான் உள்ளது.

விண்டோசு இயக்குதளத்தில் 'புரோகிராம் பைல்ஸ்' கோப்புறை நிரல்களுக்கு உரியது. சாதாரணப் பயனர் அதிலுள்ளவற்றைப் படிக்கலாம், இயக்கலாம். அங்கே எழுத முடியாது. பழைய மென்பொருள்கள் பல, தரவுக் கோப்பையும் நிரலின் பக்கத்திலேயே வைத்தன. எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலோர் நிருவாகியாகவே நுழைந்ததால் இக்குறை வெளியே தெரியவில்லை.

2007 சனவரியில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விஸ்டா இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்தது. பழைய நிரல் அங்கே எழுத முயன்றால், அந்த எழுத்தைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் உள்ள 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். இதன் விளைவு விசித்திரமானது. ஒரே கணினியில் காலையில் ஒருவர் தம் கணக்கில் நுழைந்து பதிந்த ரசீதுகள், மாலையில் வேறு கணக்கில் நுழைபவருக்குத் தெரியாது. தரவு அழியவில்லை, இருவரும் தனித்தனிப் படிகளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பிழைச்செய்தி வந்து நின்றுவிடுவதே இதைவிட நல்லது எனலாம்.

தரவுக் கோப்பைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, தேவையான பயனர் குழுவுக்கு அந்தக் கோப்புறையில் மட்டும் திருத்தும் உரிமை அளிப்பதே தீர்வு. மைக்ரோசாப்ட் அக்சஸில் கோப்புக்கு மட்டும் உரிமை கொடுத்தால் போதாது. தரவுத்தளம் திறக்கப்படும்போது அதே கோப்புறையில் ஒரு பூட்டுக் கோப்பு உருவாகி, கடைசிப் பயனர் மூடும்போது நீக்கப்படும். யார் எந்தப் பதிவைத் திருத்துகிறார் என்பது அதன் வழியாகவே அறியப்படுகிறது. எனவே கோப்புறையில் புதுக் கோப்பை உருவாக்கவும் நீக்கவும் உரிமை வேண்டும்; இல்லையெனில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது.

வழங்கி வகைத் தரவுத்தளங்கள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் போன்றவற்றில் பயனர் தரவுக் கோப்பைத் தொடுவதே இல்லை. வழங்கி நிரலே கோப்பைக் கையாள்கிறது. பயனரிடமிருந்து கோரிக்கை மட்டும் வருகிறது. எந்த அட்டவணையை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பது 'கிராண்ட்' கட்டளையால் முடிவாகிறது. கணினியின் நிருவாகியும் தரவுத்தளத்தின் நிருவாகியும் வேறு வேறு என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

வழங்கி நிரலுக்கும் இதே கட்டுப்பாடு தேவை. 2002 மே மாதத்தில் பரவிய 'ஸ்பைடா' என்ற புழுநிரல், எஸ்கியூஎல் சர்வரின் 'எஸ்ஏ' என்ற தலைமைக் கணக்கில் கடவுச்சொல் வெறுமையாக விடப்பட்டிருந்த கணினிகளில் புகுந்தது. தரவுத்தளத்துக்குள்ளிருந்தே இயக்குதளக் கட்டளைகளைப் பிறப்பித்து, விருந்தினர் கணக்கை நிருவாகிகள் குழுவில் சேர்த்தது. வழங்கி நிரல் உயர் அதிகாரத்துடன் இயங்கியதாலேயே இது முடிந்தது. அவ்வாறு கட்டளையிடும் வசதி 2005 பதிப்பிலிருந்து இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இன்னும் கண்டிப்பானது: யுனிக்சு வகை இயக்குதளங்களில் 'ரூட்' கணக்கில் தொடங்கினால் இயங்கவே மறுத்துவிடும்.

மென்பொருளை நிறுவுவதற்கு மட்டும் பொதுவாக நிருவாகி தேவைப்படுவார். எஸ்கியூஎல் சர்வர் 2012 உடன் அறிமுகமான 'லோக்கல்டிபி' வகையை அவர் ஒருமுறை நிறுவிவிட்டால், அதன்பின் ஒவ்வொரு பயனரும் தம் சாதாரணக் கணக்கிலேயே அதை இயக்கிக்கொள்ளலாம்.