நிறுத்தத் தெரிந்த பாத்திரம்

மின்சாரக் கெட்டில் என்றால் மூக்கு வைத்த மின்சார அடுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில்தான் நம் ஊர் ஹாஸ்டல் அறைகளில் அதற்குள் நூடுல்ஸ் வேகிறது, முட்டை அவிகிறது, பால் பொங்கி வழிகிறது. இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கெட்டிலின் சூடேற்றும் பாகத்தைக் கழற்றி பிளாஸ்டிக் வாளியில் பொருத்தி, இருபத்தைந்து லிட்டர் சாற்றைக் கொதிக்க வைக்கிறார்கள். இவற்றில் சில நன்றாகவே நடக்கின்றன. சில, பண்டத்தையும் பாத்திரத்தையும் சேர்த்துக் கெடுக்கின்றன. எது நடக்கும், எது கெடும் என்பதை வாங்கிப் போட்டு உடைக்காமலே சொல்லிவிடலாம். அதற்குக் கெட்டிலைச் சூடாக்கும் கருவியாகப் பார்க்கும் பழக்கத்தை விட்டு, சூடாக்குவதைச் சரியான நேரத்தில் நிறுத்தும் கருவியாகப் பார்க்க வேண்டும்.

சூடாக்குவதில் பெரிய வித்தை ஏதுமில்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அது காயும். கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் வெப்பத்தை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. அதற்கும் வெளியே ஓர் உலோக உறை. 1890களில் வந்த முதல் மின்சாரக் கெட்டில்களில் கம்பி தண்ணீருக்குக் கீழே தனி அறையில் இருந்தது. அதனால் தண்ணீர் காய வெகுநேரம் பிடித்தது. 1922இல் பர்மிங்காமில் உலோகக் குழாய்க்குள் கம்பியை வைத்துத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கவிட்டார்கள். அதன்பிறகு எல்லாம் வெறும் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 28 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகச் சுமார் 300 கிலோஜூல். 1500 வாட் கெட்டில் அதை 200 வினாடிகளில் கொடுத்துவிடும். வீணாவதையும் சேர்த்தால் நான்கு நிமிடம், ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம். இங்கிலாந்துக் கெட்டில் 3000 வாட் என்பதால் அங்கே பாதி நேரம் போதும். அமெரிக்காவில் சாதாரணச் சாக்கெட் 120 வோல்ட் என்பதால் பெரும்பாலும் 1500 வாட்டோடு நிற்க வேண்டியதுதான்.

நிறுத்தும் வித்தை 1950களின் நடுவில் வந்தது. ரஸ்ஸல், ஹாப்ஸ் என்ற இரு ஆங்கிலேயர்கள் தொடங்கிய நிறுவனம், தண்ணீர் கொதித்ததும் தானே அணையும் கெட்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உயிர்நாடி ஈருலோகப் பட்டை. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டினால், சூடு ஏறும்போது ஒன்று மற்றதைவிட அதிகம் நீண்டு, பட்டை வளையும். கடலில் நேரம் தப்பாத கடிகாரம் செய்வதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் உருவாக்கிய உத்தி இது. கெட்டிலில் இந்தப் பட்டை இருக்கும் இடம்தான் கவனிக்க வேண்டிய விஷயம். அது தண்ணீரைத் தொடுவதில்லை. தண்ணீர் கொதிக்கும்போது கிளம்பும் ஆவி ஒரு சிறு வழியாகத் தள்ளப்பட்டு அந்தப் பட்டையில் அடிக்கிறது. அது 'டக்' என்று மடங்கி சுவிட்சைத் தட்டிவிடுகிறது. கெட்டில் அளப்பது வெப்பநிலையை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது காத்திருப்பது ஆவிக்காக.

இதற்கு ஊட்டியே சாட்சி. கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த ஊரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. '100 டிகிரி வந்தால் நிறுத்து' என்று கட்டளையிட்ட கருவியாக இருந்தால், ஊட்டியில் அது தண்ணீர் வற்றும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆவியில் அணையும் கெட்டிலோ சென்னையிலும் ஊட்டியிலும் ஒரே மாதிரி, கொதி வந்ததும் அணைகிறது. இன்னொரு சாட்சி நம் கெட்டிலிலேயே உண்டு. மூடியைத் திறந்துவைத்தால் கெட்டில் அணையாது. ஆவி பட்டையிடம் போகாமல் மேலே போய்விடுகிறது, அவ்வளவுதான். இந்த ஆவிச் சுவிட்சோடு அடியில் இரண்டாவது காவல் ஒன்றும் உண்டு. தண்ணீரில்லாமல் ஓடினாலோ, சூடேறும் பரப்பு அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ அது மின்சாரத்தை வெட்டும். இந்த இரண்டையும் ஒரே சிறு பொருளாக்கி உலகம் முழுவதும் கெட்டில் செய்பவர்களுக்கு விற்கும் ஸ்ட்ரிக்ஸ் என்ற நிறுவனம், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐல் ஆஃப் மேன் தீவில் இருக்கிறது. கெட்டிலின் மேலே எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் அதன் மூளை அந்த நிறுவனத்துடையதாக இருக்க நல்ல வாய்ப்புண்டு.

இனி பீர் காய்ச்சுகிறவர்களிடம் போவோம், ஏனென்றால் கெட்டிலின் எல்லையை அவர்கள் அளவுக்கு யாரும் இடித்துப் பார்த்ததில்லை. பிரிட்டனில் 1963வரை வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் அது நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. (தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே இது இயற்பியல் பாடம் மட்டுமே.) எளிய முறையில் காய்ச்சுகிறவர்கள் கடையில் வாங்கிய மால்ட் பாகை வாளியில் ஊற்றி, மூன்று நான்கு லிட்டர் கொதிநீர் விட்டுக் கரைத்து, மீதிக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி 23 லிட்டராக்கி ஈஸ்ட்டைத் தூவுவார்கள். இதற்குச் சமையலறைக் கெட்டிலே போதும். கொதி வந்தால் வேலை முடிந்தது என்ற இடத்தில் கெட்டிலும் மனிதனும் ஒத்துப்போகிறார்கள்.

முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே தொடங்குகிறவர்களுக்குத்தான் சிக்கல். முதலில் நொறுக்கிய தானியத்தை 65 டிகிரிக்குப் பக்கத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சூடு 70ஐத் தாண்டினால் அவற்றில் ஒரு வகை செத்துப்போகும். கெட்டிலுக்கு 65 டிகிரி என்பது வழியில் கண்ணில்படாமல் போகும் ஊர். அது அங்கே நிற்காது. அடுத்து, வடித்த இனிப்புச் சாற்றில் ஹாப் பூக்களைப் போட்டு ஒரு மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். ஹாப்பின் பிசின் கசப்பாக மாறுவதற்கும், வேண்டாத வாடை ஆவியோடு வெளியேறுவதற்கும் அந்த ஒரு மணி நேரம் தேவை. கெட்டிலோ முதல் கொதியிலேயே 'டக்' என்று கைகழுவிவிடும். ஆக, முதல் கட்டத்தில் கெட்டிலுக்கு முன்னதாக நிறுத்தத் தெரியவில்லை. இரண்டாம் கட்டத்தில் நிறுத்தாமல் இருக்கத் தெரியவில்லை. பலம் போதாததால் வந்த தோல்வியில்லை இது. கெட்டிலுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் வேறு.

'சுவிட்சைக் கட்டிப்போட்டுவிட்டால்?' என்று கேட்கலாம். வாளியில் கெட்டில் எலிமென்ட் பொருத்திய ஆங்கிலேயர்கள் செய்தது ஏறக்குறைய அதுதான்: மலிவான கெட்டில்களை வாங்கி, ஆவிச் சுவிட்சை விட்டுவிட்டு, சூடேற்றும் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் மறைந்திருந்த கணக்கு வெளியே வந்தது. 25 லிட்டர் சாற்றை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 2.3 யூனிட் மின்சாரம் வேண்டும். 2400 வாட் எலிமென்ட் ஒன்று அதற்கு ஒரு மணி நேரம் எடுக்கும், இரண்டு இருந்தால் அரை மணி. கொதி வந்த பிறகு, மணிக்கு மூன்று லிட்டர் ஆவியாகும் அளவுக்குக் கொதியைப் பிடித்துவைக்கவே ஏறத்தாழ 1900 வாட் செலவாகும், ஏனென்றால் ஒரு லிட்டர் கொதிநீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் தேவை. ஆகவே ஏற்றுவதற்கு இரண்டு எலிமென்ட், கொதியை நிலைநிறுத்த ஒன்று என்பது அவர்களுடைய வழக்கம். நம் ஊர் 1500 வாட் கெட்டிலின் பாகம் இந்த வேலையில் கடைசிவரை தளதளக்கவே தளதளக்காது. அதோடு இரண்டாவது காவலும் குறுக்கே வந்தது. சர்க்கரையும் புரதமும் எலிமென்ட்டின் மேல் படிந்து கருகியதும் உள்ளே சூடு தேங்கி, 'தண்ணீர் வற்றிவிட்டது' என்று நினைத்து எலிமென்ட் அணைந்துவிடும், பாதிக் கொதியில். இதற்கு மருந்து கண்டவர்கள் கெட்டிலையே விட்டு வெளியேறியவர்கள்: சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 8 வாட் மட்டும் பரப்பும் நீண்ட எலிமென்ட், சாற்றின் சூட்டை நொடிக்கு நொடி பார்த்து மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்கசிவு வந்தால் வெட்டிவிடும் பாதுகாப்பு சுவிட்ச். அமெரிக்கர்கள் இதற்காக 240 வோல்ட் இணைப்பு இழுத்து 5500 வாட் போடுகிறார்கள். கெட்டிலிலிருந்து மூளையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொரு மூளை வைத்தே ஆக வேண்டும் என்பதைத்தான் இந்தச் செலவு காட்டுகிறது.

ஹாஸ்டல் அறைப் பாலுக்கும் இதே விதிதான். தண்ணீர் சூடானால் மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்தச் சுழற்சியால் அடிப்பரப்பு எப்போதும் கழுவப்பட்டுக்கொண்டிருக்கும். பாலின் புரதமோ அடியில் ஒட்டிக் கருகும். மேலே கிளம்பும் நுரை ஆவிப் பாதையில் நுழைந்து காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு வெறும் தண்ணீர் வைத்தாலும் கெட்டில் தாமதமாக அணையும், அல்லது அணையவே அணையாது. கஞ்சியும் நூடுல்ஸும் செய்யும் கேடு இதே ரகம். சாதம் வடிக்கும் மின்சாரக் குக்கரை இதோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். குக்கர் நிற்க வேண்டியது கொதி வரும்போது இல்லை, தண்ணீர் முழுக்க உறிஞ்சப்பட்ட பிறகு. தண்ணீர் இருக்கும்வரை அடிச்சூடு 100ஐத் தாண்டாது, தீர்ந்ததும் தாண்டும். நூற்றுக்கு மேலே சில டிகிரியில் காந்தத்தன்மையை இழக்கும் ஒரு காந்தத்தை அடியில் வைத்து, அது பிடி நழுவும்போது சுவிட்ச் விழுமாறு செய்திருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே நிக்ரோம், ஒரே மின்சாரம். முடிவு எது என்ற புரிதல்தான் இரண்டையும் இரண்டு பாத்திரமாக்குகிறது. 'பல்வகைச் சமையல் கெட்டில்' என்று குமிழ் வைத்து விற்கிறார்களே என்று கேட்டால், அது அகல வாயும் வேறு தெர்மோஸ்டாட்டும் கொண்ட சிறிய மின்சாரச் சட்டி. கெட்டில் என்ற பெயர் விற்பனைக்காக ஒட்டியது.

எல்லாவற்றையும் மறுத்துவிட்டால் கெட்டிலுக்கு என்னதான் வேலை என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது, அதுவும் வெப்பமானி இல்லாமல். கெட்டில் தருவது நிச்சயமாகத் தெரிந்த ஒரே சூடு: சமவெளியில் 100. நம் குழாய்த் தண்ணீர் 28 என்று வைத்துக்கொண்டால், மூன்று பங்கு கொதிநீரும் ஒரு பங்கு பச்சைத் தண்ணீரும் 82 டிகிரி, பச்சைத் தேயிலைக்குப் பொருத்தம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு என்றால் 40 டிகிரி, ரொட்டிக்கு ஈஸ்ட் ஊறவைக்கச் சரியாக இருக்கும். ஒன்றரை லிட்டர் கெட்டிலை இருமுறை கொதிக்கவைத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரில் ஊற்றினால் 42 டிகிரியில் ஒரு வாளி குளியல்நீர். வாளிக்குள் ஹீட்டர் ராடைத் தொங்கவிட்டு உயிரைப் பணயம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பருப்பு வேகவைக்கும் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைத்துக் குக்கரில் ஊற்றினால் அடுப்பில் காத்திருக்கும் நேரம் மிச்சம். குடிநீருக்கோ கெட்டில் அவசரப்பட்டு அணைகிறது என்ற கவலை வேண்டாம். தளதளவென்று ஒரு கொதி வந்தாலே கிருமிகள் சாகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உப்பும் நைட்ரேட்டும் மட்டும் எத்தனை கொதி கொதித்தாலும் போகாது.

கனமான எதிர்வாதம் ஒன்று பாக்கி: கேஸ் இருக்கும்போது கரண்ட் எதற்கு? நிலக்கரி மின்நிலையம் எரிக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தை மறுபடி வெப்பமாக்குவது சுற்றிவளைத்த வேலை என்பது உண்மை. நிலக்கரியில் ஓடும் மின்சாரத்துக்கு இந்தக் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும், மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் சுழலும்போது அத்தனை பொருந்தாது. பணக் கணக்கை ஆளுக்காள் போட்டுக்கொள்ளலாம். 14.2 கிலோ சிலிண்டரில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட். அடுப்பில் அறுபது விழுக்காடும் கெட்டிலில் எண்பத்தைந்து விழுக்காடும் தண்ணீருக்குப் போய்ச் சேர்வதாகக் கொண்டால், ஒரு சிலிண்டருக்கு ஈடு 127 யூனிட். உங்கள் மின்கட்டணப் படிநிலையில் 127 யூனிட்டுக்கு ஆகும் தொகை சிலிண்டர் விலையைவிடக் குறைவென்றால் கெட்டில் லாபம், கூடுதலென்றால் கேஸ் லாபம். இரண்டிலும் பெரிய நஷ்டம் ஒரு டம்ளர் காப்பிக்கு ஒன்றரை லிட்டர் கொதிக்கவைப்பதுதான்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். போர் தண்ணீர் விடும் சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைத் தேக்கி இரண்டாவது காவலை அவசரப்படுத்தும். மாதம் ஒருமுறை வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவுங்கள். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகாதீர்கள். எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுங்கள்.