மார்பகம் காக்கும் அறுவை சிகிச்சை: ரத்தத்தை நிறுத்த எந்தக் கருவி?

தரமணி, அடையாறு பக்கம் அறை எடுத்துத் தங்கிப் புற்றுநோய் சிகிச்சை பெறும் வெளியூர்க் குடும்பங்கள் ஏராளம். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிறுவனமும், 2019-இல் தரமணியில் திறக்கப்பட்ட அப்போலோ புரோட்டான் மையமும் ஒன்றுக்கொன்று அதிகத் தூரமில்லை. சென்னைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், பெரும்பாலானவர்களுக்கு மார்பகத்தை முழுதாக எடுக்கத் தேவையில்லை. கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவோடு அகற்றிவிட்டு, பிறகு கதிர்வீச்சு கொடுப்பார்கள். இத்தாலியில் அறுவை மருத்துவர் வெரோனேசியும் அமெரிக்காவில் அறுவை மருத்துவர் ஃபிஷரும் நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மார்பகத்தை முழுதாக எடுத்தாலும் காத்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றுதான் என்பது அதில் உறுதியானது.

இந்த அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, “எந்த மெஷின் வைத்துச் செய்வீர்கள்?” என்பது. கேட்பதில் தவறே இல்லை. ஆனால் பதிலைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் விவரம் வேண்டும்.

சின்னக் கசிவும் ஏன் பெரிய விஷயம்?

மார்பகத்துக்கு நெஞ்செலும்புப் பக்கமிருந்தும் அக்குள் பக்கமிருந்தும் ரத்தக் குழாய்கள் வருகின்றன. வெட்டுப்பட்ட நுண்குழாய் கொழுப்புக்குள் சுருங்கி ஒளிந்துகொள்ளும். அப்போது நின்றதுபோலத் தெரிந்த கசிவு, தையல் போட்ட பின் மீண்டும் தொடங்கலாம். உள்ளே ரத்தக்கட்டு பெரிதானால் மறுபடி திறந்து எடுக்க நேரிடும். தொற்று வரலாம், மார்பகத்தின் வடிவம் கெடலாம். எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது, கீமோவும் கதிர்வீச்சும் தள்ளிப்போவதுதான்.

காட்டரி

ஆபரேஷன் தியேட்டர்களில் ‘காட்டரி’ என்று சொல்லப்படும் மின்கருவிதான் இன்றும் அதிகம் பயன்படுகிறது. வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியை நரம்பியல் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1926 அக்டோபரில் பாஸ்டனில் பயன்படுத்தினார். அன்று முதல் இது வேகமாகப் பரவியது. முனையிலிருந்து பாயும் மின்சாரம் திசுவைச் சூடாக்கிக் குழாயை அடைக்கிறது. பிறகு உடல் வழியாகச் சென்று, தொடையில் ஒட்டிய பட்டை மூலம் வெளியேறுகிறது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதனால்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரட்டைமுனைக் கருவியில் மின்சாரம் இரு முனைகளுக்கு இடையே மட்டும் ஓடுவதால், அவர்களுக்கு அது கூடுதல் பாதுகாப்பானது.

ஹார்மோனிக், லிகாஷூர்

ஹார்மோனிக் கருவியின் முனை நொடிக்கு சுமார் 55,500 முறை அதிர்கிறது. உடலுக்குள் மின்சாரம் போவதில்லை. அதிர்வில் புரதம் இளகி ஒட்டி, குழாயை அடைத்துவிடும். காட்டரி உண்டாக்கும் சூடு 150 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை போகும். இதில் பொதுவாக 50 முதல் 100 டிகிரிக்குள் வேலை முடிகிறது. நெடுநேரம் இயக்கினால் இதன் முனையும் கொதிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. லிகாஷூர், குழாயை இடுக்கி அழுத்தியபடியே மின்சாரம் செலுத்தி, 7 மில்லிமீட்டர் வரையுள்ள குழாயை மூடுகிறது.

மார்பகத்தை முழுதாக எடுக்கும்போதும், அக்குள் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) அகற்றும்போதும் ஹார்மோனிக் பயன்படுத்தினால் ரத்த இழப்பும் காயத்தில் வைக்கும் டியூபில் வடியும் நீரும் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மார்பகம் காக்கும் சிகிச்சையில் காயமே சிறியது. அங்கே அந்த வேறுபாடு அத்தனை தெளிவாக இல்லை. ஹார்மோனிக் கைப்பிடிக்கோ பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகும். அக்குளில் நெறிகளை எடுக்கும் வேலை இருந்தால் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. சின்னக் கட்டியை மட்டும் எடுப்பதற்கு, நிதானமாகக் காட்டரி பிடிக்கும் அனுபவமுள்ள கையே போதும் என்பது என் கருத்து. காப்பீட்டில் இந்தக் கட்டணம் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருகாத விளிம்பு

அகற்றிய கட்டியின் வெளிப்புறத்தில் மை தடவி, மைக்கும் புற்றுச் செல்லுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று நோயியல் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். ஊடுருவும் வகைப் புற்றில் மை பட்ட இடத்தில் புற்றுச் செல் இருக்கக் கூடாது என்பது 2014 முதல் பின்பற்றப்படும் அமெரிக்க வழிகாட்டுதல். சூட்டில் விளிம்பு கருகிப் போனால் அங்கே இருப்பது புற்றா, சிதைந்த நல்ல செல்லா என்று பிரித்தறிவது கடினம். இன்னொரு முறை அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதனால் கட்டியைச் சுற்றிச் சில மருத்துவர்கள் கத்தியாலும் கத்தரிக்கோலாலும் வெட்டிவிட்டு, குழியில் கசியும் இடங்களை மட்டும் காட்டரியால் தொடுகிறார்கள். வாய்ப்பிருந்தால் மருத்துவரிடம், “விளிம்பு கருகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள். மெஷின் பெயரைக் கேட்பதைவிட இது பயனுள்ள கேள்வி.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் குறிப்பாக. சித்த, ஆயுர்வேத மருந்துகள், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் எதையும் விட்டுவிடாதீர்கள். பல் பிடுங்கியபோதோ பிரசவத்திலோ ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நாள் கணக்கில் மெல்ல நீர் கோர்ப்பது சாதாரணம், பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். முதல் ஓரிரு நாளில் மார்பகம் திடீரென்று விறைத்து வீங்கினாலோ, வலி ஏறினாலோ, டியூபில் ரத்தம் வேகமாக நிறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.