சுவரை அறிந்து விழும் ஒளி

பழைய கட்டடம் ஒன்றின் முகப்பை நுணுக்கமாக அளந்து, அதன் தூண், வளைவு, சன்னல், கொடுங்கை ஆகியவற்றின் விளிம்புகளோடு இம்மியும் பிசகாமல் பொருந்துமாறு அசையும் படங்களை அதன்மீது வீழ்த்தும் கலை, ‘புரொஜெக்‌ஷன் மேப்பிங்’ என்ற பெயரால் அறியப்படுகிறது. திரையரங்கின் திரை வெண்மையானது, தட்டையானது, தனக்கென வடிவம் இல்லாதது. இக்கலையில் திரையாக நிற்பதோ, நிறமும் மேடுபள்ளமும் வரலாறும் உடைய ஒரு சுவர். முன்னது துணியைப் போர்த்துவது என்றால், பின்னது உடலுக்கு அளவெடுத்துத் தைப்பது. இந்த அளவெடுப்பே கலையின் அறிவியல் அடிப்படை. ஓர் ஊரின் மக்கள் கூடிச் செய்வதற்கு இது ஏற்றதாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

ஒளியால் பொதுவிடத்தில் கதை சொல்வது தமிழருக்குப் புதிதன்று. பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில், கம்பராமாயணப் பாடல்களைப் பாடி நிகழ்த்தப்படும் தோல்பாவைக் கூத்துக்கென நிலையான கூத்துமாடங்கள் உள்ளன. நீண்ட வெண்துணிக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள் எரிய, பாவைகளின் நிழல் இரவு முழுவதும் துணியில் நடமாடும். கட்டடத்தையே காட்சியாக்கும் முயற்சி, 1952இல் பிரான்சின் ஷாம்போர் அரண்மனையில் பால் ரோபேர் ஊதேன் அமைத்த ஒலி-ஒளிக் காட்சியுடன் தொடங்கியது. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் 1981இல் தொடங்கிய ஒலி-ஒளிக் காட்சியும் அவ்வழியில் வந்ததே. ஆயினும் இவ்வகைக் காட்சியில், பதிவு செய்த குரலுக்கேற்ப வண்ண விளக்குகள் தூண்களின்மீது மாறி மாறி விழுகின்றனவே தவிர, தூணின்மீது படம் எதுவும் வரையப்படுவதில்லை.

தட்டையல்லாத பரப்பில் படத்தைப் பொருத்துவதற்கான தொடக்ககால எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் டிஸ்னிலேண்டில் 1969இல் திறக்கப்பட்ட பேய்மாளிகை குறிப்பிடப்படுகிறது. அங்கே மார்பளவுச் சிலைகளின் முகத்தில் பாடகர்களின் முகங்கள் திரையிடப்பட்டதால், சிலைகளே பாடுவதுபோல் தோன்றின. சிலையும் கருவியும் அசையாதிருக்கும்வரை கையாலேயே சரிசெய்துகொள்ளக்கூடிய இவ்வுத்தியைக் கணிதமுறையாக வளர்த்தவர்களுள், நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கர் முக்கியமானவர். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் அவரும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் தொடங்கிய ஆய்வு, 2001இல் தாஜ்மகாலின் சிறு வெள்ளை மாதிரி ஒன்றின்மீது சலவைக்கல்லின் நிறத்தையும் மாறும் வெயிலையும் ஒளியாலேயே பூசிக் காட்டும் நிலையை எட்டியது. பொருளின் வடிவத்தை முன்பே கணினி அறிந்திருந்தால், அப்பொருளின் தோற்றத்தை ஒளியால் மாற்றியமைக்கலாம் என்பதை அம்மாதிரி மெய்ப்பித்தது.

இதன் செயல்முறையைப் புரிந்துகொள்ள, புரொஜெக்டரைத் தலைகீழாக இயங்கும் கேமராவாகக் கருத வேண்டும். கேமரா வெளியிலுள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளியை உள்ளே ஒரு புள்ளியில் பதிக்கிறது. புரொஜெக்டரோ உள்ளேயுள்ள ஒவ்வொரு புள்ளியையும் வெளியே ஓர் இடத்தில் வீழ்த்துகிறது. பல புரொஜெக்டர்களின் உள்ளே இருப்பது, 1987இல் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த நுண்ணாடிச் சில்லு. முழு எச்.டி. வகைச் சில்லில் 1920 நிரலும் 1080 நிரையுமாக 20,73,600 நுண்ணிய ஆடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நொடிக்குப் பல்லாயிரம் முறை சாய்ந்து நிமிர்ந்து ஒரு படப்புள்ளியின் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. இப்படம் 10 மீட்டர் அகலச் சுவரில் விரியும்போது, ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டராகிறது.

புரொஜெக்டர் சுவருக்கு நேரெதிரே இல்லாமல் கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்க்கும்போது, செவ்வகப் படம் ஒருபுறம் விரிந்து சரிவகமாகிவிடும். சுவர் தட்டையாயின், அதன் நான்கு மூலைகளைக் கணினிக்குச் சுட்டிக்காட்டினாலே போதும். சிதைவுக்கு எதிரான சிதைவைப் படத்தில் முன்கூட்டியே ஏற்படுத்தி, சுவரில் அது செவ்வகமாக விழும்படி மென்பொருள் செய்துவிடும். மேடுபள்ளம் நிறைந்த முகப்புக்கு முப்பரிமாண அளவு தேவை. அதற்காகக் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளை அகலம் மாற்றி மாற்றி முகப்பின்மீது வீழ்த்தி, வேறொரு கோணத்தில் நிற்கும் கேமராவால் படமெடுப்பர்; தூணில் பட்டை எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து அத்தூண் எவ்வளவு முன்தள்ளி நிற்கிறது என்பதைக் கணக்கிடலாம். பொருத்தம் முடிந்தபின் கருவியைத் தொடக்கூடாது. 20 மீட்டர் தொலைவில் நிற்கும் கருவி 0.1 பாகை திரும்பினாலும், படம் சுவரில் 3.5 சென்டிமீட்டர், அதாவது ஏழு புள்ளிகள் விலகிவிடும். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் செல்லும், காஞ்சிபுரம் வட்டாரத்துத் தொழிற்பகுதியான ஒரகடத்தின் சாலை போன்ற இடங்களில், அதிர்வு தாங்கும் உறுதியான மேடை இன்றியமையாதது.

ஒளியின் அளவும் சுவரின் இயல்பும் அடுத்த கணக்கு. புரொஜெக்டர் வெளியிடும் மொத்த ஒளியை லூமென் என்றும், ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியை லக்ஸ் என்றும் அளப்பர். 10,000 லூமென் கருவியின் ஒளி, 10 மீட்டர் உயரமும் அகலமுமான முகப்பில் பரவினால் 100 லக்ஸ் கிடைக்கும். முழுநிலவின் ஒளி அரை லக்ஸுக்கும் குறைவு. அதே கருவியை இருமடங்கு தொலைவுக்கு நகர்த்தினால் படத்தின் பரப்பு நான்கு மடங்காகி, வெளிச்சம் கால்பங்காகச் சுருங்கும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் தன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். கருங்கல் பெரும்பகுதியை விழுங்கிவிடும். செங்கல் சிவப்பைத் திருப்பி நீலத்தை மங்கச் செய்யும். கறுப்பை எந்தக் கருவியாலும் வீழ்த்த முடியாது; கறுப்பு என்பது ஒளி விழாத இடம் மட்டுமே. எனவே அருகிலுள்ள ஒரு தெருவிளக்கு எரிந்தாலே படத்தின் ஆழம் போய்விடும்.

இவ்வளவு நுட்பமும் எதற்காக என்ற கேள்விக்கு விடை, படத்தில் தோன்றுவோர் யார் என்பதில் இருக்கிறது. இன்று உலகப் புகழ்பெற்ற லியோன் நகர ஒளிவிழாவின் வேர், 1852 டிசம்பர் 8 அன்று அந்நகர மக்கள் தத்தம் சன்னல்களில் ஏற்றி வைத்த மெழுகுவர்த்திகளே. போலந்தில் பிறந்த கலைஞர் கிரிஸ்டோஃப் வோடிச்கோ, 1998இல் பாஸ்டனின் பங்கர் ஹில் போர் நினைவுத்தூண்மீது, அப்பகுதியில் கொலையுண்ட இளைஞர்களின் தாய்மாரது முகத்தையும் குரலையும் திரையிட்டார். விடுதலைப் போரின் சின்னம் அவ்வட்டாரத்தின் துயரைப் பேசியது. 2001இல் மெக்சிகோவின் திஹுவானாவில், எல்லைப்புறத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள், தலையில் பொருத்திய கேமராவும் ஒலிவாங்கியும் அணிந்து கூட்டத்தின் முன்னே தம் வாழ்க்கையைச் சொல்ல, அவர்கள் முகம் நகரின் பண்பாட்டு மையத்தின் கோளவடிவச் சுவரில் பேருருவமாக விரிந்தது. பகல் முழுவதும் பொருத்துப்பட்டையின் அருகே பெயரின்றி நிற்பவருக்கு, ஊரின் மிகப்பெரிய சுவர் முகமானது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையை ஒட்டிய வாலாஜாபாத்துக்கு இவ்வெடுத்துக்காட்டு நெருக்கமானது. நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய இவ்வூர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரின் படைத்தளமாக இருந்தது. செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில்பாதை இதன் வழியே செல்கிறது. ஒருபுறம் பாலாறும் காஞ்சிபுரத்தின் தறிகளும், மறுபுறம் கார் ஆலைகளும் இருக்கின்றன. பாலாற்றுக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் ஊர்ச்சபை தன் தேர்தல் முறையை 919, 921ஆம் ஆண்டுகளில் கல்வெட்டாகப் பொறித்தது. சுவரைப் பொதுப்பேச்சின் இடமாகக் கொள்ளும் பழக்கம் இவ்வட்டாரத்துக்கு ஆயிரமாண்டுப் பழமை உடையது.

இக்கலையை இங்கே தொடங்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பள்ளி மாணவர் பல கோணங்களில் கைப்பேசியால் எடுக்கும் படங்களைக் கோத்தே கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியை உருவாக்கலாம். வடிவமைக்க பிளெண்டரும், பொருத்த மேப்மேப்பும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். முகப்பின் கோட்டோவியத்தைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், சன்னல் வளைவுக்குள் நெசவாளர் பாவும் ஊடும் ஓடும் கோடுகளை வரையலாம். தூணில் ஆலைத் தொழிலாளி தன் பணிநேரத்தின் மணிகளை அடுக்கலாம். வாடகைக் கருவி ஓர் இரவுக்குப் போதும். அளக்கும் வேலைக்கோ பல வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில்தான் எந்த வளைவு பிற்காலத்தில் அடைக்கப்பட்டது, எந்தக் கொடுங்கை விரிசல் கண்டிருக்கிறது என்பதை ஊரார் முதன்முறையாகக் கூர்ந்து காண்பர்.

வரம்புகளும் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முன் அனுமதி வேண்டும். கல் ஒளியைத் தாங்கும், வண்ணம் தாங்காது. எட்டாம் நூற்றாண்டுச் சுவரோவிய எச்சங்களைக் கொண்ட காஞ்சிக் கைலாசநாதர் கோயில் போன்ற இடங்களில், ஒளிச்சேதம் சிறுகச் சிறுகச் சேர்ந்து மீளாத இழப்பாகும். வௌவாலும் ஆந்தையும் அடையும் கட்டடங்களை இனப்பெருக்கக் காலத்தில் தவிர்க்க வேண்டும். ஆள் வசிக்கும் அறையின் சன்னலைப் படத்தில் கறுப்பாக விட வேண்டும். தன் முகத்தைத் தருபவர் பின்னர் வேண்டாமென்றால் அப்படத்தை நீக்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்துச் செய்யும்போது, காட்சி முடிந்து கருவி திரும்பிப் போனபின்னும் கட்டடத்தின் துல்லியமான அளவுகள் ஊரின் கையில் எஞ்சும். அடுத்த மழைக்கு முன் அதைப் பழுதுபார்ப்பதற்கு அந்த அளவுகளே முதல் ஆவணமாகும்.