தமிழ்நாட்டில் அரசுக் கணக்குத் தணிக்கை

தமிழ்நாட்டில் அரசுக் கணக்குத் தணிக்கை என்பது மாநில அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் பொதுப்பணத்தைச் சட்டப்படி திரட்டி, ஒதுக்கப்பட்ட நோக்கத்திற்கே செலவிட்டனவா என்பதை ஆராய்ந்து அறிக்கை தரும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்பணிக்கான தணிக்கையாளரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். இந்தியாவின் எந்த மாநிலத்திலும் அத்தகைய பதவி இல்லை. இங்கு தணிக்கையாளர் நியமிக்கப்படுகிறார். அவரது அறிக்கையின் மீது விளக்கம் கேட்கும் உரிமை மக்கள் சார்பிலான அவைகளிடம் உள்ளது. மாநில அளவில் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும், ஊர் அளவில் வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள கிராம சபையும் அத்தகைய அவைகளாகும்.

வரலாறு

தேர்தலையும் கணக்கையும் இணைத்துப் பேசும் பழைய சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் உள்ளது. முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம், 14 ஆம் ஆட்சியாண்டுகளைச் (கி.பி. 919, 921) சேர்ந்த இக்கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலையில் இடம்பெறத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இன்றைய தணிக்கை அமைப்பு ஆங்கிலேயர் ஆட்சியில் உருவானது. இந்தியாவின் முதல் தணிக்கைத் தலைவராக எட்மண்ட் டிரம்மண்ட் 1860 இல் பொறுப்பேற்றார். 1919, 1935 ஆம் ஆண்டுகளின் இந்திய அரசுச் சட்டங்கள் இப்பதவியை நிர்வாகத்தின் பிடியிலிருந்து படிப்படியாக விலக்கின. விடுதலைக்குப் பின் வி. நரஹரி ராவ் 1948 முதல் 1954 வரை இப்பதவியை வகித்தார். அரசியல் நிர்ணய சபையில் 1949 இல் பேசிய அம்பேத்கர், அரசியலமைப்பின் மிக முக்கியமான அலுவலர் இவராகவே இருக்கக்கூடும் என்ற கருத்தைத் தெரிவித்தார்.

மாநில அளவில் தணிக்கை

அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகள் இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரைப் பற்றியவை. இவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பதவிக்காலம் 6 ஆண்டுகள் அல்லது 65 வயது, இவற்றுள் முந்தியது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையிலன்றி இவரை நீக்க இயலாது. ஓய்வுக்குப் பின் ஒன்றிய அரசிலோ மாநில அரசுகளிலோ பதவி ஏற்கவும் இயலாது. மாநிலங்களுக்கெனத் தனித் தலைவர் கிடையாது. தமிழ்நாட்டில் இவர் சார்பில் சென்னையிலுள்ள முதன்மைக் கணக்காயர் அலுவலகங்கள் பணியாற்றுகின்றன.

மாநிலக் கணக்குகள் குறித்த அறிக்கை ஆளுநரிடம் அளிக்கப்படுகிறது. அவர் அதைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்கிறார். பின்னர் அது பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குச் செல்கிறது. அரசு நிறுவனங்கள் பற்றிய அறிக்கைகளைப் பொது நிறுவனங்கள் குழு ஆராய்கிறது. சட்டமன்ற உறுப்பினர்களே இக்குழுக்களில் இடம்பெறுகின்றனர். துறைச் செயலாளர்கள் குழுவின் முன் தோன்றி விளக்கமளிக்க வேண்டும். தணிக்கைத் தலைவர் குற்றம் கண்டால் தண்டிக்க இயலாது. கண்டதை எழுதி அவையின் முன் வைப்பதோடு அவர் பணி நிறைவுறுகிறது. எனவே அவை அதைப் படித்துக் கேள்வி எழுப்பினால்தான் தணிக்கைக்குப் பயன் உண்டு.

அமெரிக்க முறையுடன் ஒப்பீடு

பென்சில்வேனியாவில் 1850 ஆம் ஆண்டின் திருத்தத்தால் தணிக்கைத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படும் பதவியானது. வாசிங்டன் மாநிலம் 1889 இல் உருவானது முதல் அங்கு மாநிலத் தணிக்கையாளர் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார். உள்ளாட்சிக் கணக்குகளையும் அவரே தணிக்கை செய்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆளுநருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது இம்முறையின் வலிமை. வாக்குக் கேட்டும் நிதி திரட்டியும் வெல்ல வேண்டியிருப்பது இதன் குறை. இந்திய முறையில் தணிக்கையாளர் வாக்கை நாட வேண்டியதில்லை. ஆனால் அவரைத் தெரிவு செய்யத் தனிக்குழு எதையும் அரசியலமைப்பு குறிப்பிடவில்லை; இது இம்முறை மீது கூறப்படும் குறையாகும்.

ஊராட்சிகளும் கொல்லிமலையும்

73 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 243J எனும் பிரிவு ஊராட்சிக் கணக்குகளின் தணிக்கைக்குச் சட்டம் இயற்றும் பொறுப்பை மாநிலத்திடம் விட்டது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 அதன்படி அமைந்தது. சிற்றூராட்சிகளின் கணக்குகளை ஊராட்சி ஒன்றியத்தின் துணை வட்டார வளர்ச்சி அலுவலர் தணிக்கை செய்கிறார். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையும் தணிக்கை மேற்கொள்கிறது. பணப் பதிவேடு, செலவுச் சீட்டு, அளவுப் புத்தகம் ஆகியவை ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. பொருந்தாதவை தணிக்கைத் தடைகளாகப் பதியப்படுகின்றன. முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தருவது கிராம சபையின் பணிகளுள் ஒன்றாகும்.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் 14 சிற்றூராட்சிகள் உள்ளன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என இவை பழைய நாட்டுப் பெயர்களையே இன்றும் தாங்கியுள்ளன. மக்களுள் பெரும்பாலோர் மலையாளி எனும் பட்டியல் பழங்குடியினர். ஒன்றியத்தின் தலைமையிடம் செம்மேடு.

ஊராட்சிகள் (பட்டியல் பகுதிகளுக்கு விரிவாக்கம்) சட்டம், 1996 இன்படி, பழங்குடிப் பகுதி ஊராட்சி ஒன்று தான் செலவிட்ட திட்ட நிதிக்குக் கிராம சபையிடமிருந்து பயன்பாட்டுச் சான்று பெற வேண்டும். ஊர்மக்களே தணிக்கையாளராகும் ஏற்பாடு இது. ஆனால் இச்சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லாமையால், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலைக்கு இவ்வுரிமை கிட்டவில்லை.

இதற்கு நெருக்கமான ஏற்பாடு சமூகத் தணிக்கை ஆகும். தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2005 இன் 17 ஆம் பிரிவு, திட்டப் பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. இத்திட்டம் 2008 இல் நாமக்கல் உட்பட நாட்டின் ஊரக மாவட்டங்கள் அனைத்திற்கும் விரிந்தது. பெயர்ப் பதிவேட்டில் உள்ளவர் உண்மையில் வேலை செய்தாரா, கூலி பெற்றாரா என்பதை அவ்வூராரே அறிவர் என்பது இதன் அடிப்படை. தொலைவிலிருந்து வரும் அலுவலர் தாளில் காண இயலாத பிழையை, அந்தப் பாதையில் நடப்பவர் எளிதில் காண்பார்.

தேர்தல் இல்லாத காலங்கள்

தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2019 திசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. அதன்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம், நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இத்தகைய காலங்களிலும் தணிக்கை தொடர்கிறது. எனினும் செலவு செய்பவரும் தணிக்கை செய்பவரும் அலுவலர்களாகவே இருக்க, விளக்கம் சொல்லக் கடமைப்பட்ட தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இருப்பதில்லை. அப்போது மக்களின் கேள்விக்குரிய இடமாகக் கிராம சபை மட்டுமே எஞ்சுகிறது.