புதிய போன் வேண்டுமா, புதிய பேட்டரி போதுமா?



தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நம் பகுதியில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. பட்டாசு ஆலைகளிலும் அச்சகங்களிலும் போனஸ் பட்டுவாடா ஆகிறது. அதே வாரங்களில் செல்போன் கடைகளும் ஆன்லைன் நிறுவனங்களும் பண்டிகைச் சலுகை அறிவிக்கின்றன. கையில் மொத்தமாகப் பணம் இருக்கும் நேரம் பார்த்துப் புதிய போன் விளம்பரம் வந்து நிற்கிறது.

ஆனால் அந்தப் போனஸ் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் கொஞ்ச நாள் அடைத்திருக்கும். கூடவே ஐப்பசி, கார்த்திகை மழையும் வரும். வெயில் இல்லாவிட்டால் வேலை ஓடாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுக்கும் தடை விதித்த பிறகு, வருடத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று முன்கூட்டிக் கணக்குப் போடுவது இன்னும் கடினமாகிவிட்டது. வேலையில்லாத வாரங்களைத் தாண்ட வைப்பது பெரும்பாலும் அந்தப் போனஸ்தான்.

கல்வி உதவி கேட்டு எங்கள் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களிடம் வரவு செலவைக் கேட்போம். வாடகை, மளிகை, மருந்து என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தயக்கத்தோடு 'போன் தவணை' என்பார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வந்த ஒரு தாயார், வீட்டில் இரண்டு போன்களுக்குத் தவணை ஓடுவதாகச் சொன்னார். பழைய போன்கள் என்ன ஆயின என்று கேட்டோம். "சார்ஜ் நிக்கல, அதான் மாத்திட்டோம்" என்றார். இரண்டும் பீரோவில் கிடந்தன. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சார்ஜ் நிற்காத போனுக்கு மருந்து புதிய போன் அல்ல என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் குறையைப் பெயர் சொல்லுங்கள்

'போன் பழசாகிவிட்டது' என்பது ஒரு குறை அல்ல. சார்ஜ் நிற்கவில்லையா, மெதுவாக ஓடுகிறதா, இடம் போதவில்லையா, திரை உடைந்ததா, வேண்டிய செயலி இறங்கவில்லையா? எது என்று சொல்லிவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

இடம் போதாத போன் மெதுவாகத்தான் ஓடும். நம் வீடுகளில் அந்த இடத்தைப் பெரும்பாலும் அடைத்திருப்பது வாட்ஸ்அப் குரூப்களில் வந்து குவிந்த வீடியோக்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். வேண்டாதவற்றை நீக்கி, படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குடும்பப் படங்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக அமைத்தால் இன்னும் வேகம் கூடும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் சார்ஜர் வயரை மாற்றிப் பாருங்கள். அடுத்து, சார்ஜ் போடும் துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்று கடையில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஊசி விட்டுக் குத்த வேண்டாம்.

பேட்டரி ஏன் தளர்கிறது?

போனுக்குள் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் அதன் கொள்ளளவு துளித்துளியாகக் குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. 800 முறை முழுதாக ஏறி இறங்கிய பின்னும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 சதவீதத்தையாவது வைத்திருக்க வேண்டும். தினம் ஒரு முழு சார்ஜ் என்று வைத்தால் 800 முறை என்பது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். ஆக, இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்வது இயல்பு. போன் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

அதை இன்னும் வேகமாகத் தளர வைப்பது வெப்பம். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் பலர் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். நம்மூர் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்குள் அந்தப் போன் வெந்துகொண்டிருக்கும். வாசலில் நிழலான இடத்தில் ஒப்படைக்க வழி இருந்தால் அதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் அணைத்துவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்துங்கள். இரவில் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதும் கூடாது.

பேட்டரி உப்பி, போனின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அதே நாளில் பயன்பாட்டை நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். தீ எப்படிப் பிடிக்கும் என்பதை இந்த மண்ணில் இருப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பேட்டரி தளர்ந்தால் போனின் வேகமே குறையவும் கூடும். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்திருந்தார்களாம். உலகமெங்கும் எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தார்கள். இதை வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்காததற்காக 2020-இல் பிரான்ஸ் அரசு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. போன் மெதுவாகிவிட்டது என்று புதிது வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்குப் புதிய பேட்டரியே போதுமானதாக இருந்திருக்கும்.

சாதாரண ஆண்ட்ராய்டு போனுக்குப் பேட்டரி மாற்றும் செலவு பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரத்தில் முடிந்துவிடும். முடிந்தவரை கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றுங்கள். வெளிக்கடை என்றால் பில்லும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள்.

5ஜி இல்லாவிட்டால் போன் செல்லாதா?

செல்லும். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியது. 4ஜி நின்றுவிடவில்லை. பேச, வாட்ஸ்அப் பார்க்க, பாடம் கேட்க, பணம் அனுப்ப 4ஜி போதும். 5ஜி போன் வாங்கிவிட்டால் மட்டும் 5ஜி கிடைத்துவிடும் என்பதும் இல்லை. உங்கள் தெருவில் சிக்னல் இருக்க வேண்டும், நீங்கள் போடும் ரீசார்ஜும் அதற்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு சில நிறுவனங்கள், தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களுக்கு மட்டுமே வரம்பற்ற 5ஜி என்று வைத்தன. வாங்கும் முன், அந்தத் தெருவில் 5ஜி வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

எப்போதும் பழையதே போதும் என்று நாம் சொல்லவில்லை. மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு.

முக்கியமானது பாதுகாப்பு. போன் அமைப்புகளில் 'அபவுட் போன்' பகுதியைத் திறந்தால் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு, கடைசியாக செக்யூரிட்டி அப்டேட் வந்த தேதி எது என்று இருக்கும். ஆண்ட்ராய்டு 12-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் திருத்தங்கள் தருவதை 2025 மார்ச்சோடு கூகுள் நிறுத்திவிட்டது. வாட்ஸ்அப் ஏற்கெனவே ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ் இயங்குவதில்லை. வங்கிச் செயலிகளும் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன.

செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன போனில் குடும்பத்தின் முழுப் பணமும் உள்ள வங்கிக் கணக்கை வைத்திருப்பது, பூட்டு பழுதான வீட்டில் நகையை வைப்பது போன்றது. உடனே மாற்ற வசதியில்லாவிட்டால் இடைவழி ஒன்று உண்டு. பேசவும் படிக்கவும் அந்தப் போனை வைத்துக்கொள்ளுங்கள். பணப் பரிமாற்றத்தை வீட்டில் புதிதாக உள்ள போனுக்கு மாற்றுங்கள், அல்லது சிறு தொகை மட்டும் உள்ள கணக்கை அதில் இணையுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டு நிறுவிவிட்டால், எவ்வளவு புதிய போனும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

வேலைக்கோ படிப்புக்கோ கட்டாயமான ஒரு செயலி இறங்காதபோதும், வளைகுடாவில் இருக்கும் மகனோடு பேசும் செயலி ஓடாதபோதும் மாற்றுவது நியாயம்தான். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகள் தடுக்கப்பட்டிருப்பதால் பலரும் போட்டிம் போன்ற செயலியில்தான் பேசுகிறார்கள். அது உங்கள் போனில் ஓடுகிறதா என்று முதலில் சோதியுங்கள். மதர்போர்டு போய், பழுது செலவு போனின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினாலும் மாற்றிவிடலாம்.

தவணையின் உள்கணக்கு

18,000 ரூபாய் போனை இரண்டு வருடத்தில் மாற்றினால் மாதம் 750 ரூபாய் ஆகிறது. அதே போனுக்கு நடுவில் 1,500 ரூபாயில் பேட்டரி போட்டு நான்கு வருடம் ஓட்டினால் மாதம் 406 ரூபாய்தான். நான்கு போன் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் மாதம் 1,300 ரூபாயைத் தாண்டும்.

அடுத்து 'நோ காஸ்ட்' தவணை. வட்டியே இல்லை என்று கடையில் சொல்வார்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்றும், வட்டி பல நேரம் நடைமுறைக் கட்டணம் என்ற பெயரில் மறைந்து வருகிறது என்றும் தெளிவாகச் சொன்னது. இன்று பெரும்பாலும் நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது. அந்த வட்டி அளவுக்கு கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி தருகிறது. வங்கிக் கணக்குத் தாளில் வட்டி என்றே பதிவாகும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் நம் தலையில் விழும். ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி போய்விடும். வேலையில்லாத மாதத்தில் ஒரு தவணை தவறினால் அபராதமும் வட்டியும் தனி.

வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்பும் நமக்கு இது சிறிய விஷயமல்ல. 'வட்டி இல்லை' என்ற கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். ஒப்பந்தத் தாளை உங்கள் மஹல்லா ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள்.

அதைவிட எளிய வழி, தவணையை முன்கூட்டியே உங்களுக்கு நீங்களே கட்டுவது. மாதம் 2,000 வீதம் ஒன்பது மாதம் எடுத்து வைத்தால் 18,000 ரொக்கம் கையில் இருக்கும். நடுவில் வேலை நின்றாலும் அபராதம் இல்லை, வசூலுக்கு ஆள் வராது. ஒன்பது மாதம் கழித்தும் அந்தப் போன் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதன் விலை அப்போது இறங்கியிருக்கும். தேவைப்படாவிட்டால் பணம் மிச்சம்.

வாங்குவது என்று முடிவானால்

கேமராவை விட, எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் தருவார்கள் என்பதைக் கேளுங்கள். இப்போது நடுத்தர விலைப் போன்களிலேயே நீண்ட காலம் தருகிறார்கள். சாம்சங் நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு வருடம் என்று அறிவித்தது. அடுத்து, அந்தக் கம்பெனிக்கு விருதுநகர், சிவகாசி அல்லது மதுரையில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய போன் வாங்கினால் பில் கேளுங்கள். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் விவரம் வரும். திருட்டுப் போனை மலிவாக வாங்கிவிட்டுக் காவல் நிலையம் போகும் நிலை வேண்டாம். உங்கள் போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கலாம். அதற்கும் இந்த எண் தேவை. இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பழையதைக் கொடுக்கும்போது

விற்பதானாலும், படிக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதானாலும், பணச் செயலிகளிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறி, சிம், மெமரி கார்டை எடுத்து, முழுவதும் அழித்த பிறகே கொடுங்கள். குடும்பப் பெண்களின் படங்கள் அந்நியர் கைக்குப் போகாமல் காப்பது நம் பொறுப்பு. ஓடாத போனைக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள்.

வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வெறும் சொல்லாக அது நின்றுவிடாமல், அடுத்த முறை யாராவது "அத்தா, புது போன் வேணும்" என்று கேட்டால் கோபப்படாமல் உட்கார வையுங்கள். "இதுல என்ன குறை? சரி பண்ண எவ்வளவு ஆகும்? அந்தக் காசு வேற எதுக்கு வேணும்?" என்று மூன்று கேள்வி கேட்டு, விடையை அவர்களையே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். உண்மையிலேயே தேவை என்று தெரிந்தால் மனதார வாங்கிக் கொடுங்கள்.

கட்டுரையில் சொன்ன அந்தத் தாயாரின் வீட்டுப் பழைய போன்களில் ஒன்றைப் பேட்டரி மாற்றி எடுத்தோம். இப்போது அது மகளோடு கல்லூரிக்குப் போகிறது. உங்கள் பீரோவிலும் ஒன்று கிடக்கிறதா என்று இன்று பாருங்கள்.