சட்டாம்பிள்ளைக்கு உரிய பயிற்சி

ஆசிரியரின் மேற்பார்வையில் இருந்துகொண்டு, பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனியே கற்பித்து உதவுபவரே வகுப்பறை உதவியாளர். இப்பணி தமிழகத்துக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் தேர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளை என்னும் பெயரில் சிறுவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்கி, முறைவைத்துப் பாடம் ஒப்பிக்கச் செய்தான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் கண்ட மணலெழுத்தைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்று, அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே, மாணவனைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறை 'மதராஸ் முறை' என உலகெங்கும் பரவியது.

பாடத்தைத் தான் கற்றிருப்பதே அவ்வுதவியாளனுக்குப் போதிய தகுதியாகக் கருதப்பட்டது. செலவு குறைந்தது, ஆனால் கற்றவர் எல்லாரும் கற்பிக்க வல்லவர் ஆவதில்லை.

இக்குறை இன்றும் முழுதாக நீங்கவில்லை. கொரோனாக் காலத்தில் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று, செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் தன்னார்வலர் திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், ஆறு முதல் எட்டு வரை கற்பிக்கப் பட்டப்படிப்பும் தன்னார்வலருக்குத் தகுதியாக வைக்கப்பட்டன. மாத ஊக்கத்தொகையாக 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. பெரும்பாலும் பெண்களான இவர்கள் சிறு பயிற்சி பெற்று மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேண்டுமெனில், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுப் பட்டயப் படிப்பும், 2010ஆம் ஆண்டு அறிவிக்கையால் கட்டாயமாக்கப்பட்ட ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பு ஆசிரியர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெறவேண்டும். தன்னார்வலரின் சில நாள் பயிற்சிக்கும் இந்த நெடிய படிப்புகளுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரிது. இங்கிலாந்திலும்கூட உதவியாளருக்குச் சட்டம் விதித்த பொதுத் தகுதி எதுவுமில்லை. பள்ளிகளே அதை முடிவு செய்கின்றன.

பிள்ளை வாசிக்கும்போது எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று கேட்டறிவது, கழித்தலில் கடன் வாங்குவதைக் குச்சிகளைக் கொண்டு விளக்குவது, பார்வை அல்லது செவிக்குறையின் அறிகுறியைக் கண்டு ஆசிரியரிடம் தெரிவிப்பது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை அறிந்திருப்பது ஆகியவை உதவியாளருக்கு இன்றியமையாதவை. இவற்றைச் சொற்பொழிவால் மட்டும் கற்பிக்க இயலாது. நல்லாசிரியர் ஒருவரின் வகுப்பில் உடனிருந்து பழகினால்தான் கைவரும்.

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்து ஊரிலேயே தங்கிவிட்ட பெண்களுக்கு இத்தகைய பயிற்சியை அரசு வட்டார அளவில் அளித்து, அதற்கு உரிய சான்றிதழும் வழங்கி, பின்னர் ஆசிரியர் பட்டயப் படிப்பில் அவர்கள் சேரும்போது அதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.