கணிப்பொறிக்குப் படம் வரைபவர் யார்?

கணிப்பொறித் திரையைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்திருக்கிறீர்களா? வெண்மையாகத் தெரியும் இடத்தில் வெண்மையே இராது! சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறக் கீற்றுகள் நெருங்கி நிற்பதைத்தான் காண்பீர்கள். மூன்றும் சேர்ந்தது ஒரு புள்ளி. பரவலாகப் பயன்படும் ஒருவகைத் திரையில் குறுக்காக 1,920 புள்ளிகளும் மேலிருந்து கீழாக 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600. ஓடும் விளையாட்டொன்றில் விநாடிக்கு 60 படங்கள் என்றால், ஒவ்வொரு விநாடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட்டாக வேண்டும்!

கணிப்பொறியின் மையச் செயலி ஒரு கெட்டிக்காரப் பேராசிரியரைப் போன்றது. எவ்வளவு சிக்கலான கணக்கையும் போட்டுவிடும். ஆனால் அவரிடம் லட்சக்கணக்கான ஒரு மதிப்பெண் விடைத்தாள்களைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதற்கு வேண்டியது மேதை அல்ல. பலர் ஒரே நேரத்தில் திருத்தும் முகாம். கிராஃபிக்ஸ் கார்டு அத்தகைய முகாம்தான். 2022இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கார்டில் 16,384 சிறு கணக்கீட்டு அலகுகள் உள்ளன. தனக்கென்று விரைவான நினைவகமும் உண்டு. பல கணிப்பொறிகளில் மையச் செயலிக்குள்ளேயே சிறிய கிராஃபிக்ஸ் பகுதி ஒன்று இருக்கும். பாடம் எழுதவும் படம் பார்க்கவும் அது போதும்.

படம் தடுமாறினால் உடனே புதுக் கார்டு வாங்க அப்பாவை நச்சரிக்காதீர்கள். முதலில் 'டிரைவர்' எனப்படும் மென்பொருளைப் புதுப்பியுங்கள். இயக்க அமைப்பு சொல்வதைக் கார்டுக்குப் புரியவைப்பது இதுவே. கார்டைத் தயாரித்தவர்களின் இணையதளத்திலேயே செலவின்றிக் கிடைக்கும். வேறெங்கும் வாங்க வேண்டாம். மடிக்கணினியாயின் பெரும்பாலும் கார்டை மாற்றவே இயலாது.

மேசைக் கணிப்பொறியில் மாற்றத்தான் வேண்டும் என்றால், விலைக்கு முன் வாட்டைப் பாருங்கள். கார்டு செருகப்படும் இடம் 75 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் வேண்டியது தனிக் கேபிளில் வரவேண்டும். எட்டு முனைக் கேபிள் ஒன்றின் அளவு 150 வாட். மின்னழுத்தமோ வெறும் 12 வோல்ட்! அப்படியானால் மின்னோட்டம் 12.5 ஆம்பியர். இதே 150 வாட்டுக்கு வீட்டின் 230 வோல்ட்டில் 0.65 ஆம்பியர் போதும். மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் கூடும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரே மின்தடையில், வெப்பம் 350 மடங்குக்கும் மேல்! அதனால்தான் அந்தக் கேபிளில் ஒன்றுக்குப் பல கம்பிகள். முழுதும் செருகாமல் விட்டால் தொடும் இடத்தில் தடை கூடி, பிளாஸ்டிக் உருகவும் செய்யும். மின்வழங்கியின் திறன் போதாவிட்டால், விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் கணிப்பொறி அணைந்துபோகும்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்ததைக் கேளுங்கள். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் செயல்முறைக்காக எங்கள் துறைக் கணிப்பொறியில் புதுக் கார்டு பொருத்தினேன். கோள்கள் முன்போலவே நொண்டின. டிரைவரை நீக்கி மீண்டும் ஏற்றினேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு மாணவி பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்து, "சார், திரையோட கேபிள் பழைய இடத்துலயே இருக்கே!" என்றாள். தாய்ப்பலகையில் இருந்த அதைக் கார்டில் மாற்றிச் செருகினோம். வியாழன் தடங்கலின்றிச் சுற்றத் தொடங்கியது.